ஒரே ஒரு ர

ஏரிக் கமிட்டிக் கணக்கு நோட்டில்
முதல் பக்கத்திலேயே தப்பு.
'கறை சீரமைப்பு, வசூல் விவரம்'
என்று எழுதிவிட்டேன்.
நகரியில் தெலுங்கு மீடியம் படித்தவன்;
எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு ர.
தமிழில் இரண்டு வைத்திருக்கிறார்கள்.
எது தண்ணீரைத் தாங்குவது,
எது துணியில் ஒட்டுவது என்று
அவசரத்தில் நினைவு வருவதில்லை.

எல்லைக் கல் நடு ஏரியில் நிற்கிறது.
வரத்துக் கால்வாய் ஆந்திரா, மதகு தமிழ்நாடு.
புத்தூரில் மனு கொடுத்தால் பள்ளிப்பட்டுக்குப் போ என்பார்கள்.
பள்ளிப்பட்டில் புத்தூரைக் கேள் என்பார்கள்.
பதினோரு வருஷம்
தண்ணீரைத் தவிர எல்லாம்
பஸ் ஏறிப் போய் வந்தது.

ஏரியில் கிடந்தது வேறு.
திங்கள் சிவப்பு, வியாழன் நீலம்.
எத்திராஜுலுவின் சாயப்பட்டறைக் குழாய்
எந்த லுங்கிக்கு ஆர்டர் வந்திருக்கிறதென்று
ஊருக்கு முன்கூட்டியே சொல்லிவிடும்.
கொக்கு ஒன்று ஊதாக் காலோடு பறந்ததாகப்
பால் சொசைட்டி சலபதி சத்தியம் செய்கிறான்.
நான் பார்க்கவில்லை.
நான் பார்த்தது குமாரியின் நகக்கண்களை.
பட்டறையில் அவளுக்கு நாள் கூலி
முந்நூற்று எழுபது.

ரெட்டெம்மா இரண்டு மூட்டை வேர்க்கடலை விற்றுக் கொடுத்தாள்.
ஜேசிபி மணிக்கு ஆயிரத்து இருநூறு;
முதல் நாள் சீமைக்கருவேலம் பிடுங்கவே சரியாகப் போயிற்று.
இரண்டாம் நாள் டீசலுக்கு
அடகுக்குப் போனது யார் மோதிரம் என்று
எழுதக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள்.
எழுதவில்லை.

மூன்றாம் நாள் எத்திராஜுலு வந்தான்.
இருபத்தைந்தாயிரம், எல்லாம் ஐநூறு தாள்.
ரசீதுகூடக் கேட்கவில்லை.
ரெட்டெம்மா சேற்றிலிருந்து நிமிர்ந்து
"பைப்பு மூசேசி இவ்வய்யா" என்றாள்.
"பைப்பை மூடினா
நாப்பது வீட்டு அடுப்பையும் மூடணும்" என்றான்.
அவன் சொன்னது பொய்யில்லை.
நாற்பதில் ஒன்று எங்கள் வீடு.
கூட்டத்தில் ஒருவரும்
என் முகத்தைப் பார்க்கவில்லை.
அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.
தொகையைப் பென்சிலால் எழுதினேன்.

அன்று இரவோ மறுநாள் இரவோ
குழாயின் வாயை யாரோ அடைத்துவிட்டார்கள்.
கரண்டி பிடிக்காத பூச்சு.
சிமெண்டில் ஐந்து விரலும் பதிந்திருந்தன,
சின்ன விரல்கள்.
போலீஸ் வந்தது, இரண்டு மாநிலத்துப் போலீஸும்.
குழாய் யார் எல்லையில் இருக்கிறதென்று
சாயங்காலம் வரை டேப் பிடித்துவிட்டு
டீ குடித்துப் போனார்கள்.

காலையில் சோறு போட்டபோது
குமாரியின் நகக்கண் சாம்பல் நிறம்.
அந்த வாரம் பட்டறையில் ஓடியது பச்சை.
நான் ஊறுகாய் கேட்டேன்.
வைத்தாள்.
'சிமெண்ட் கால் மூட்டை, நூறு ரூபாய்'
என்று செலவில் சேர்த்து
என் பையிலிருந்தே நூறை எடுத்து வைத்தேன்.

பட்டறை இன்னும் திறக்கவில்லை.
சுத்திகரிக்கத் தொட்டி கட்டுகிறான் என்கிறார்கள்,
திருப்பூருக்கே போகிறான் என்றும் சொல்கிறார்கள்.
முப்பத்தொன்பது வீட்டிலும்
குமாரியோடு இப்போது பேசுவது பாதிப் பேர்.

ஐப்பசியில் கால்வாய் வழி தண்ணீர் வந்தது,
காப்பி நிறத்தில்.
நிறம் என்றாலே பயந்து போனவர்கள் நாங்கள்.
ஆளுக்கொரு சொம்பில் மொண்டு
விடிய விடியக் காத்திருந்தோம்.
மண் அடியில் தங்கியது.
மேலே நின்றதற்கு
இரண்டு பாஷையிலும் நிறம் சொல்லத் தெரியவில்லை.

எத்திராஜுலுவின் பணம் பீரோவில் கிடக்கிறது,
திருப்பவும் இல்லை, தொடவும் இல்லை.
பென்சில் எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது.
அழிப்பதா, மேலே பேனாவால் எழுதுவதா என்று
குமாரியைக் கேட்டேன்.
எல்லைக் கல் கழுத்து வரை முழுகிவிட்டதாம்,
பார்க்கப் போகலாம் வா என்றாள்.